பீரோ கதவில் ஒட்டிய தாளும், குடிக்காமல் திரும்பி வரும் தண்ணீர் பாட்டிலும்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன், பயாலஜி குரூப். பள்ளி திறந்தபோது அவளாகவே ஒரு தாளில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி பீரோ கதவில் ஒட்டினாள். காலை 5 மணிக்கு எழுவேன், அரை மணி நேரம் நடப்பேன், சாப்பிடாமல் பள்ளிக்குப் போக மாட்டேன், 3 லிட்டர் தண்ணீர் குடிப்பேன், கடைத் தின்பண்டம் வேண்டாம், இரவு 10 மணிக்குத் தூக்கம். நான்கு நாள்கூட நடக்கவில்லை. இது மூன்றாவது தாள். படுக்க 12 மணி ஆகிறது, 7.10க்கு வேன், பாதி இட்லியோடு ஓடுகிறாள். தண்ணீர் பாட்டில் நிரப்பியது நிரப்பியபடி திரும்பி வருகிறது. பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைப் போட்டுக்கொள்ளாமல் பென்சில் பாக்ஸில் வைத்திருந்ததைப் போன வாரம் பார்த்தேன். கேட்டால் "நாளையிலிருந்து கண்டிப்பா" என்கிறாள். அவள் அப்பா சோம்பேறி என்கிறார். மனதில் நினைத்தால் செய்ய மாட்டாளா? உண்மையில் அவளுக்கு எண்ணமே இல்லையா?
– கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா

பதில்:

அன்புள்ள சகோதரி, முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. எண்ணம் இருக்கிறது, நிச்சயமாக இருக்கிறது. எண்ணமில்லாத பிள்ளை மூன்றாவது முறையாக ஸ்கெட்ச் பேனாவைத் தேடி எடுத்து உட்கார மாட்டாள். இரண்டு தடவை நின்றுபோனதை வீட்டில் எல்லோரும் பார்த்த பிறகும், அதே பீரோ கதவில், எல்லோர் கண்ணிலும் படும்படி மறுபடியும் ஒட்டியிருக்கிறாள் என்றால் அந்தப் பெண்ணுக்குத் தைரியமும் இருக்கிறது. அதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர் வைத்துவிட்டால் நான்காவது தாள் வராது, அது வராமல் போவதுதான் எனக்குக் கவலை. அவள் அப்பாவை இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்கள்.

நினைத்தால் செய்ய மாட்டாளா என்கிறீர்கள். பெரியவர்களுக்கே அது ஒத்துவராத கணக்கு. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பல வருடங்களாக அளந்து வருபவர்கள் பாஸ்கல் ஷீரன், தாமஸ் வெப் என்ற இரு உளவியலாளர்கள். நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அவர்கள் சொல்வது, மனிதர்களின் எண்ணங்களில் ஏறத்தாழ பாதிதான் செயலாகிறது என்பது. நடைப்பயிற்சி ஷூ வாங்கி வைத்திருக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் இது உண்மை என்பார்கள். அப்படியிருக்க 16 வயதுப் பெண் ஆறு தீர்மானத்தை ஒரே திங்கட்கிழமையில் தொடங்கி ஆறிலும் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, பாதி எண்ணங்கள் ஏன் செயலாகாமல் போகின்றன? இங்கேதான் அந்தத் தண்ணீர் பாட்டில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐசெக் ஐசன் என்ற சமூக உளவியலாளர் 1991இல் எழுதிய ஒரு கட்டுரையை இந்தத் துறையில் இன்றுவரை எல்லோரும் எடுத்துப் பேசுகிறோம். எண்ணத்துக்கு அடியில் மூன்று விஷயம் இருக்கிறது என்கிறார். இது எனக்கு நல்லது என்று தோன்ற வேண்டும், எனக்கு வேண்டியவர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற உணர்வு வேண்டும், இது என்னால் ஆகும், என் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். முதல் இரண்டும் பலமாக இருந்து மூன்றாவது இல்லையென்றால் எண்ணம் தாளிலேயே நின்றுவிடும். தண்ணீர் நல்லது என்று உங்கள் மகளுக்குத் தெரியும், பயாலஜி படிக்கிறாள், சிறுநீரகத்தைப் படம் போட்டு பாகம் குறிப்பாள். அப்படியும் பாட்டில் நிரம்பியே திரும்பி வருகிறது என்றால் அவள் கையில் இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

அது என்னவென்று நான் ஊகிக்கிறேன், தவறாகவும் இருக்கலாம், நீங்களே கேட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் பெண் பிள்ளைகளிடம் "பாட்டில் ஏன் முழுசா திரும்பி வருது?" என்று கேட்டால் முதலில் அம்மா முகத்தைப் பார்ப்பார்கள். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் வந்துவிடும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லை, அல்லது தண்ணீர் வரவில்லை, அல்லது இடைவேளை பத்து நிமிடத்தில் வரிசை நகர்வதே இல்லை, மாதவிடாய் நாளில் நாப்கினைப் போட இடமில்லை. ஆகவே காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை குடிக்காமல் இருந்துவிட்டால் போக வேண்டியிருக்காது என்று ஒரு ஏற்பாடு. ஒரு பிள்ளை சொன்னாள், மதியச் சாப்பாட்டோடு இரண்டே வாய், விக்கல் வராமல் இருக்க மட்டும். இதற்குத் தண்ணீரின் மகிமையை எத்தனை தடவை விளக்கினாலும் ஒரு சொட்டு கூடுதலாக உள்ளே போகாது. தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், எரிச்சலோடு வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் மகளுக்கும் இதுதான் என்றால் வேலை உங்களுடையது. வகுப்பு ஆசிரியையிடம் நேரில் போய்ப் பேச வேண்டும், தனியாகப் போவதைவிட அதே வகுப்பில் இன்னும் மூன்று நான்கு அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள். அது சரியாகும்வரை 3 லிட்டர் என்ற வரியை அடித்துவிட்டு, வேன் ஏறும் முன் ஒரு டம்ளர், பள்ளியில் ஒரு சின்ன பாட்டில், வீடு திரும்பியதும் ஒரு செம்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து 5 மணி. அந்தத் தாளில் என்னை வருத்திய வரி அதுதான். பருவ வயதில் உடலின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு சின்னக் குழந்தைகளைவிட இவர்களுக்குத் தாமதமாகத்தான் தொடங்கும், அதனால் பத்து மணிக்கு விளக்கை அணைத்தாலும் கண் சொருகாது. 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட அளவு. 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம். அதிகாலையில் எழுந்து படிக்கிற பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று நம் வீடுகளில் காலம் காலமாகச் சொல்லி வருகிறோம், அவளும் அதைக் கேட்டே வளர்ந்திருக்கிறாள். அவள் உடம்புக்கு ஆகாத ஒன்றை முதல் வரியாக எழுதி, முதல் நாளே அதில் தோற்று, அந்தத் தோல்வியோடு மற்ற ஐந்து வரிகளையும் கைவிட்டுவிடுகிறாள். முதல் வரியை 6.15 என்று மாற்றச் சொல்லுங்கள். படுப்பதை ஒரே நாளில் பத்து மணிக்குக் கொண்டுவர முடியாது, நான்கைந்து நாளுக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னால் இழுக்கலாம். போன் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும், உங்கள் போனும் அவள் அப்பாவின் போனும் சேர்த்து மூன்றும் ஒரே பலகையில். இவள் போனை மட்டும் வாங்கி வைத்தால் அது தண்டனை.

இன்னொன்று, இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. இந்த வயதில் அளவு 12க்குக் கீழே போனாலே அது ரத்தசோகைதான். ரத்தம் குறைந்த பிள்ளைக்குப் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கும், காலையில் எழ மனமிருந்தாலும் உடம்பு வராது, புத்தகம் திறந்தால் கண் சொக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனம் மாதிரியே இருக்கும். பென்சில் பாக்ஸில் இருந்த நீல மாத்திரை வாரம் ஒரு முறை போட வேண்டியது, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அதில் இருக்கிறது. பாதி இட்லியோடு ஓடுகிறவள் வெறும் வயிற்றில் அதைப் போட்டால் குமட்டும். ஒரு தடவை வகுப்பில் வாந்தி வந்தால் போதும், அப்புறம் அது பென்சில் பாக்ஸுக்குத்தான் போகும். மதியச் சாப்பாடு முடிந்து போடட்டும், அந்தச் சமயத்தில் டீ, காபி வேண்டாம், இரும்பைச் சேரவிடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இதைப் பார்த்துப் பயந்து ரகசியமாக நிறுத்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அளவு குறைவாக இருந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது, டாக்டர் சொல்லும் கணக்கில் போட வேண்டும்.

இதெல்லாம் வழியில் கிடக்கும் கற்கள். அடுத்து, எண்ணம் யாருடையது என்ற விஷயம். "நாளையிலிருந்து கண்டிப்பா" என்பது பெரும்பாலும் எண்ணமே இல்லை, பேச்சை முடித்து வைக்கும் வாசகம். நீங்கள் கேட்கிறீர்கள், அவளுக்கு அந்த இடத்திலிருந்து தப்ப வேண்டும், சொல்லிவிடுகிறாள். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நாற்பது ஆண்டுக்கும் மேலாகச் சொல்லி வருவது இதுதான், பிறருக்காகச் செய்வது பிறர் பார்க்கும்வரைதான் நிற்கும், தனக்கு அர்த்தமுள்ளது என்று தோன்றியதுதான் ஆள் இல்லாதபோதும் தொடரும். பதின்வயதில் இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆகவே பீரோவில் இருக்கும் ஆறு வரியில் எது உண்மையில் அவளுடையது, எது உங்களுக்காக எழுதியது என்று அவளிடமே கேளுங்கள். இட்லி மாவு அரைத்து வைத்துவிட்டு ஓய்வாக இருக்கும் நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல உனக்கே வேணும்னு இருக்கறது எது, ஒண்ணு மட்டும் சொல்லு" என்று. சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். வாலிபால் டீமில் சேரணும், அதுக்கு மூச்சு வாங்காம ஓடணும் என்பாள், முகப்பரு போகணும் என்பாள், பரீட்சையில தூங்காம எழுதணும் என்பாள். எதுவாக இருந்தாலும் அதைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதில் சர்க்கரை வரும் என்பது 16 வயதுப் பிள்ளைக்கு ஒரு காரணமே ஆகாது.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வு இருக்கிறது. கிறிஸ்டோபர் பிரையன், டேவிட் யேகர் குழுவினர் அமெரிக்காவின் டெக்சாஸில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தது, 2016இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான பாடம், இதைச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று. இன்னொரு பிரிவுக்கு உணவுக் கம்பெனிகள் எப்படி வேலை செய்கின்றன என்று சொன்னார்கள், மறுபடி மறுபடி தின்னத் தூண்டும்படி எப்படிச் செய்கிறார்கள், சின்னக் குழந்தைகளைக் குறிவைத்து எப்படி விளம்பரம் போடுகிறார்கள் என்று. மறுநாள், இதற்குச் சம்பந்தமே இல்லாதது போல, தின்ன என்ன வேண்டும் என்று கேட்டபோது இரண்டாவது பிரிவுப் பிள்ளைகள் நல்ல தின்பண்டங்களையும் தண்ணீரையும் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். என்னை யாரும் ஏமாற்றக் கூடாது, என் முடிவை நான் எடுப்பேன் என்ற உணர்வு அந்த வயதில் அவ்வளவு பலமானது. நம் பிள்ளைகளிடமும் அது அப்படியே இருக்கிறது. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்குவதைவிட, அதன் பின்பக்கத்தில் இருக்கும் உப்பு, எண்ணெய்க் கணக்கை அவளையே படித்து உங்களுக்கு விளக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் கடை விஷயத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பள்ளி வாசலில் பஃப்ஸ் வாங்கும்போது அவள் தன் எண்ணத்தை மீறவில்லை, அந்த நேரத்தில் அவள் எண்ணமே வேலை செய்யவில்லை. ஃபிரெடரிக் கிப்பன்ஸ், மெக் ஜெரார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் இளம்பிள்ளைகளின் பழக்கங்களைப் பார்த்துவிட்டு எண்ணம் வேறு, இசைவு வேறு என்றார்கள். எண்ணம் என்பது முன்பே யோசித்து எடுத்த முடிவு. இசைவு என்பது சூழ்நிலை வந்தால் சரி என்று போய்விடுவது. "நான் சிகரெட் பிடிக்க மாட்டேன்" என்று மனதாரச் சொல்லும் பையன்தான் நண்பன் நீட்டும்போது வாங்கிவிடுகிறான், பொய் சொல்லியிருக்க மாட்டான், நீட்டுவான் என்று யோசித்திருக்கவே மாட்டான். அதனால் "போகாதே, வாங்காதே" என்பது உதவாது. "கவிதாவும் மத்தவங்களும் கடைக்குப் போகலாம்னு கூப்பிட்டா என்ன சொல்லுவே?" என்று முன்கூட்டியே கேட்டு, வாயால் சொல்லிப் பார்க்க வைத்தால் உதவும். கூட்டத்தை விட்டு விலகச் சொல்லாதீர்கள், அது நடக்காது. கூடப் போகட்டும், சுண்டலோ கடலையோ வாங்கட்டும், வாரத்தில் இரண்டு நாள் பஃப்ஸும் சாப்பிடட்டும்.

இப்போது அந்தத் தாளைத் திருத்தும் வேலை. பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளர் காட்டியது மிக எளிமையான ஒரு காரியம். "நடப்பேன்" என்று எழுதுவதற்குப் பதில், எது நடந்ததும், எந்த இடத்தில், என்ன செய்வேன் என்று எழுத வேண்டும். அவரும் ஷீரனும் 2006இல் இது பற்றிய 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், வெறும் எண்ணத்தைவிட இது நன்றாகவே பலன் தருகிறது என்று தெரிந்தது. உங்கள் மகளுக்கு அது இப்படி இருக்கலாம்: "வேனிலிருந்து இறங்கி, பையைத் திண்ணையில் வைத்ததும், வீட்டுக்குள் போகாமல், கோயில் வரை போய்த் திரும்புவேன்." கவனித்தீர்களா, இதில் மணி இல்லை, மன உறுதி இல்லை, பை திண்ணையைத் தொடுவதுதான் மணி. உள்ளே போய் யூனிஃபார்ம் மாற்றி, ஃபேனைப் போட்டு, கட்டிலில் சாய்ந்தால் அன்றைய நடை போயிற்று. சாப்பாட்டுக்கும் அப்படியே, "தலை பின்னி முடித்ததும் தட்டு முன்னால் உட்காருவேன்", நீங்கள் இட்லியை 6.50க்கு ஆறவைத்துத் தட்டில் வைத்திருந்தால். கொதிக்கக் கொதிக்க 7.05க்கு வந்தால் யாராலும் பாதிக்கு மேல் தின்ன முடியாது. இந்த வரியை அவள்தான் எழுத வேண்டும், அவள் கையெழுத்தில். நீங்கள் சொல்லிக்கொடுத்து எழுதினால் மறுபடி அது உங்கள் எண்ணமாகிவிடும்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு வரி. 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக ஒரு மணி நேரமாவது ஓடியாடும் உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஆனால் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டுக்கான தகவல்களை வைத்துப் பார்த்தபோது உலகம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவைத் தொடவில்லை, பெண் பிள்ளைகளில் 85. உங்கள் மகள் தனியாக நிற்கவில்லை. கோயில் வரை போய்வரும் இருபது நிமிடமே நல்ல தொடக்கம். பாதுகாப்பு பற்றி யோசித்தால் அவள் அப்பாவோ நீங்களோ கூட நடங்கள், நடக்கும்போது மார்க் பற்றிப் பேச வேண்டாம்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அதை நம்பி 22ஆம் நாள் மனம் உடைய வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்வரை. அதில் எனக்கு ஆறுதல் தந்த செய்தி, நடுவில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பில்லை என்பது. மாதவிடாய் நாளோ, பரீட்சைக்கு முந்தின நாளோ, மழையோ, விட்டுப்போகும். மறுநாள் பை திண்ணையைத் தொட்டதும் நடந்தால் சரி. விட்ட நாளில் நீங்கள் "அவ்வளவுதானா?" என்று கேட்காமல் இருக்க வேண்டும், அது உங்களுக்குத்தான் கஷ்டமான பயிற்சி.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எண்ணம் தப்பான பக்கமும் போகும். உடம்பைப் பற்றி வீட்டில் யாரும் பேச வேண்டாம், குண்டாயிட்டே, இளைச்சுட்டே, இரண்டும் வேண்டாம், கல்யாண வீட்டில் அத்தை சொன்னாலும் நீங்கள் குறுக்கே பேசி நிறுத்துங்கள். வேண்டுமென்றே சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்விடுவது, எடை வேகமாக இறங்குவது, மாதவிடாய் நின்றுபோவது, இதில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மனதளவில் வாடுகிறாள் என்று தோன்றினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இந்த வாரம் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், பாட்டில் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வரும்வரை நடுவில் பேசாமல் இருங்கள். பீரோ கதவில் இருக்கும் தாளை நீங்கள் கிழிக்க வேண்டாம். எதை அடிப்பது, எதை விடுவது என்று அவளே ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வரட்டும்.